நாற்பது தாண்டிய பெண்ணுக்கு ஒரு மணி நேரம்: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பெண்களுக்கான உடற்பயிற்சி, கைவேலை முழு வழிகாட்டி

"காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சா படுக்க பத்தரை ஆவுது. இதுக்கு மேல எனக்கு என்னக்கா எக்ஸர்சைஸு?" தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நாற்பது தாண்டிய பெண்களிடம் பேச்செடுத்தால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். கைவேலை பற்றிக் கேட்டால், "கல்யாணத்துக்கு முன்னாடி நல்லா எம்பிராய்டரி போடுவேன். இப்ப யாருக்காகப் போடறது?" என்பார்கள்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். ஒரு நாளில் அவள் செய்கிற ஒவ்வொரு வேலையும் வேறு யாரோ கேட்டு வந்த வேலை. யாரும் கேட்காமல், தனக்காக மட்டும் செய்கிற வேலைக்கு அந்த நாளில் இடமே இல்லை. உடற்பயிற்சிக்குத் தனியாக ஒரு நேரம், கைவேலைக்குத் தனியாக ஒரு நேரம் என்று தேடினால் இரண்டுமே கிடைக்காது. ஒரே ஒரு மணி நேரத்தைப் பிடித்து, அதற்குள் இரண்டையும் வைப்பதுதான் நம் ஊர் வாழ்க்கைக்கு ஒத்து வரும். நடைப்பயிற்சி மட்டும் தொடங்குகிறவர்கள் பலர் மூன்றாவது வாரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். பாதி முடிந்த கூடையோ, வாரம் ஒருமுறை கூடும் கும்மியோ கூடவே இருந்தால் அது ஆளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

வீட்டு வேலையும் காட்டு வேலையும் போதாதா?

போதாது. மாசி, பங்குனியில் புளி தட்டுகிற பெண்ணைப் பாருங்கள். தரையில் உட்கார்ந்து, ஒரே கையால் தட்டி, ஓடு நீக்கி, நார் உரித்து, கொட்டை எடுக்கிறார். பகல் முழுக்க அதே தோள், அதே மணிக்கட்டு. பூ பறிக்கிறவர் குனிந்தே இருக்கிறார். பட்டுப்புழு வளர்க்கிறவர் மல்பெரி இலைக் கட்டைத் தலையில் சுமக்கிறார். ஓசூர் கம்பெனிக்குப் போகிறவர் ஷிப்டு முழுக்க நிற்கிறார். வேலை ஒரே மூட்டைத் திரும்பத் திரும்பத் தேய்க்கிறது, முதுகை முன்பக்கமாகவே வளைக்கிறது. பின்பக்கம் நிமிர்த்துவதோ, பொருளைத் தன் பக்கம் இழுப்பதோ, தொடையின் முன்தசைக்கு நிதானமாகப் பாரம் கொடுப்பதோ அதில் கிடையாது. வேலை தொடாத தசையைத் தொடுவதற்குத்தான் பயிற்சி.

அதற்காக எல்லாருக்கும் ஒரே கணக்கு போடக் கூடாது. நாள் முழுக்க வெயிலில் கூலி வேலை செய்து திரும்புகிற பெண்ணிடம் போய் "தினமும் அரை மணி நேரம் நடங்க" என்று சொல்வது அநியாயம். அவர் கால் ஏற்கெனவே நடந்திருக்கிறது. அவருக்கு வேண்டியது நிமிரும் பயிற்சியும் ஓய்வும். கீழே நடைக்கான படியை விட்டுவிட்டு அவர் நேராக நான்காம் படிக்குப் போகலாம். கடை, ஆபீஸ், பள்ளிக்கூடம், தையல் மிஷின் என்று உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கும், பிள்ளைகள் வெளியூர் போன பிறகு வீட்டோடு இருப்பவர்களுக்கும் எல்லாப் படிகளும் வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசையை வலுவாக்கும் பயிற்சியும் தேவை. நம்மிடம் பலர் முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டு நடக்கக் கிளம்பிவிடுகிறார்கள். நாற்பதுக்கு மேல் பெண்ணுக்கு ரொம்ப முக்கியம் இரண்டாவது பாதி. மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, அதையொட்டி வருகிற சில ஆண்டுகளில் எலும்பின் அடர்த்தி வேகமாக இறங்குகிறது, தசையும் கரைகிறது. எலும்புக்கு வலு கொடுப்பது அதன்மேல் விழுகிற பாரம்தான். கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டவர்களுக்கு இந்த மாற்றம் இன்னும் சீக்கிரமாகவே தொடங்கிவிடும். அவர்கள் ஐம்பது வயது வரை காத்திருக்கக் கூடாது.

படி 1: உடம்பின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு, எடை, இடுப்புச் சுற்றளவு எழுதுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அடிப்படைப் பரிசோதனை செய்துகொள்ளலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். வீடு தேடி வருகிற அந்தத் தன்னார்வலரிடம் மாத்திரை வாங்குவதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அந்தத் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. முழங்கால், தோள் வலிக்கு அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. படி ஏறினால் மூச்சு வாங்குவதை "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். முதலில் அதைச் சரி செய்யாமல் பயிற்சி தொடங்கினால் பத்து நாளில் வெறுத்துப் போகும்.

நம் மாவட்டங்களுக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது: தண்ணீரில் ஃப்ளூரைடு. தர்மபுரி, கிருஷ்ணகிரியின் பல ஊர்களில் ஆழ்குழாய் நீரில் அது அளவுக்கு மேல் இருந்ததால்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளூரோசிஸ் தணிப்புத் திட்டம் வந்தது. 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் இன்று நாற்பது, ஐம்பது வயதில் இருப்பவர்கள் சிறுவயது முழுக்க போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். பல்லில் பழுப்புக் கறை, காலையில் முதுகும் கழுத்தும் விறைத்துக்கொள்வது, குனிந்தால் நிமிரவும் நிமிர்ந்தால் குனியவும் முடியாதது, இதெல்லாம் எலும்பிலும் தசைநாரிலும் ஃப்ளூரைடு படிந்ததன் அடையாளமாக இருக்கலாம். மருத்துவரிடம் "நான் இந்த ஊர், இத்தனை வருஷம் போர் தண்ணி குடிச்சேன்" என்று நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அப்படி விறைப்பு உள்ளவர்கள் உடம்பை இழுத்து வளைக்கும் ஆசனங்களில் இறங்கவே வேண்டாம். வீடியோ பார்த்துச் செய்வதும் வேண்டாம். நிதானமாக அசைக்கும் பயிற்சி போதும்.

இன்னும் ஒன்று. தண்ணீரைக் காய்ச்சினால் ஃப்ளூரைடு போகாது. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குடிக்க ஆகாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் ஒகேனக்கல் தண்ணீர் வருகிற நாளில் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் தனியாகப் பிடித்து வைத்துவிட்டு, பாத்திரம் கழுவவும் துவைக்கவும் போர் தண்ணீரைப் பயன்படுத்துங்கள்.

மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து மறுபடி ரத்தம் பட்டால், அது ஒரு சொட்டாக இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். பயிற்சி அப்புறம்.

படி 2: அந்த ஒரு மணி நேரத்தைப் பிடியுங்கள்

இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான படி. மற்றவையெல்லாம் இதற்குப் பிறகு எளிது.

ஒரு வாரத்துக்கு உங்கள் நாளை நோட்டில் எழுதுங்கள். எழுந்தது, தண்ணீர் வந்தது, பால் கறந்தது, டிபன் கட்டியது, வேலைக்குப் போனது, சீரியல் பார்த்தது, எல்லாம். நேரம் எங்கே இருக்கிறது என்று பார்க்கும்போது பெரும்பாலும் இரண்டு இடத்தில் தட்டுப்படும்: பிள்ளைகளும் வீட்டுக்காரரும் கிளம்பிய பிறகு காலை ஒன்பதரை முதல் பத்தரை, இல்லையென்றால் மாலை ஐந்து முதல் ஆறு. வெயில் காலத்தில் காலை ஒன்பதரைக்கு வெளியே நடக்க முடியாது. அப்போது வலுப்பயிற்சியைக் காலையில் வீட்டுக்குள்ளும், நடையைப் பொழுது சாய்ந்த பிறகும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் ஒரே துண்டாக இருந்தாக வேண்டியதில்லை. இரண்டு அரை மணியாகக் கிடைத்தாலும் அது ஒரு மணிதான்.

அடுத்து, அதை வீட்டில் வாய் விட்டுச் சொல்ல வேண்டும். பலர் இங்கேதான் தயங்கி நிற்கிறார்கள். யாரும் இல்லாத நேரம் பார்த்து, யாருக்கும் தெரியாமல் செய்துகொள்ளலாம் என்று நினைப்பார்கள். அப்படி எடுத்த நேரத்தை யார் வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்வார்கள். "அத்தை, டாக்டர் சொல்லியிருக்காரு, சாயங்காலம் அஞ்சுல இருந்து ஆறு வரைக்கும் நான் இருக்க மாட்டேன். காபி ஃபிளாஸ்க்ல ஊத்தி வச்சிட்டுப் போறேன்." இவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்லாதீர்கள், சண்டைக்கும் போகாதீர்கள். தேதி சொல்வதுபோல் சொல்லுங்கள். முதல் வாரம் முகம் சுருங்கும். மூன்றாம் வாரம் "இன்னிக்குப் போவலையா?" என்று அவர்களே கேட்பார்கள்.

வீட்டில் படுக்கையாக இருக்கும் மாமனாரையோ மாமியாரையோ பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இது நிஜமாகவே முடியாத காரியமாக இருக்கலாம். அவர்களுக்கு என் யோசனை: வாரத்தில் இரண்டு நாள் மட்டும் நாத்தனாரையோ, ஓரகத்தியையோ, பெரிய பிள்ளையையோ ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். மற்ற நாளில் நான்காம் படியை மட்டும் அடுப்படியிலேயே செய்யுங்கள்.

படி 3: நடை

நடைக்கு இடம் தேட வேண்டாம், பாதுகாப்பைத் தேடுங்கள். தெருவிளக்கு, நாய், லாரி, இந்த மூன்றையும் பார்த்துத்தான் வழியை முடிவு செய்ய வேண்டும். பெங்களூர் – சேலம் நெடுஞ்சாலையின் ஓரம் வேண்டவே வேண்டாம். ஏரிக்கரை, பள்ளி மைதானம், ஊருக்குள் இருக்கும் கோயில் சுற்று நல்லது. நடப்போம் நலம் பெறுவோம் திட்டத்தில் 2023 நவம்பரில் மாவட்டத்துக்கு ஒன்றாக எட்டு கிலோமீட்டர் நடைபாதை அறிவித்தார்கள். பக்கத்தில் இருந்தால் பயன்படுத்துங்கள். எட்டையும் முதல் நாளே முடிக்கத் தேவையில்லை.

செருப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரப்பர் செருப்போடு வேகமாக நடந்தால் கால்விரல்கள் செருப்பைப் பிடித்துக்கொண்டே போகும், குதிகால் வலி வரும். பின்வார் உள்ள சாண்டல் போதும், ஷூ கட்டாயமில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு மட்டும் மூடிய ஷூ, பருத்திச் சாக்ஸ், வந்ததும் உள்ளங்காலைப் பார்ப்பது, மூன்றும் கட்டாயம். புடவையில் நடப்பதென்றால் கணுக்காலுக்குச் சற்று மேலே கட்டுங்கள். சுடிதார் போட ஆசைப்பட்டுத் தயங்குகிறவர்கள் இரண்டு பேராகச் சேர்ந்து ஒரே நாளில் போட்டுக்கொண்டு போங்கள். பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும்.

வேகத்துக்கு ஓர் எளிய அளவு: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. பேசவே முடியாவிட்டால் குறையுங்கள். முதல் வாரம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தொடங்கி, வாரா வாரம் ஐந்து நிமிடம் கூட்டி அரை மணிக்குக் கொண்டு வாருங்கள்.

நெஞ்சு அழுத்தம், தாடையிலோ இடது கையிலோ வலி, மயக்கம் வந்தால் நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். பெண்களுக்கு மாரடைப்பு சில சமயம் நெஞ்சுவலி இல்லாமல், திடீர்ச் சோர்வாகவும் மூச்சுத் திணறலாகவும் குமட்டலாகவும் வரும். "கேஸ் ட்ரபுள்" என்று சோடா குடித்துப் படுத்துவிடக் கூடாது.

படி 4: வலு

இதற்கு ஜிம் வேண்டாம். ஒரு நாற்காலி, ஒரு சுவர், ஒரு துண்டு, இரண்டு தண்ணீர் பாட்டில் போதும். வாரம் மூன்று நாள், இருபது நிமிடம்.

முதலில் நாற்காலி. சுவரை ஒட்டிப் போட்டு நுனியில் உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில் பதிந்திருக்கட்டும், முழங்காலைவிடச் சற்று உள்ளே. கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, மூச்சை விட்டபடி எழுந்து நிமிருங்கள். உட்காரும்போதுதான் விஷயமே இருக்கிறது. தொப்பென்று விழாமல், மனதுக்குள் நாலு எண்ணி மெதுவாக இறங்குங்கள். அந்த நாலு எண்ணிக்கையில்தான் தொடைத் தசை வலுவாகிறது, முழங்கால் மூட்டின் பாரம் குறைகிறது. பத்துத் தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து. முடியாதவர்கள் உட்காரும் இடத்தில் தலையணை வைத்து உயரம் கூட்டிக்கொள்ளலாம்.

அடுத்து சுவர். ஒரு கை தூரம் தள்ளி நின்று, உள்ளங்கைகளைத் தோள் உயரத்தில் சுவரில் ஊன்றி, மார்பைச் சுவரிடம் கொண்டுபோய்த் தள்ளித் திரும்புங்கள். பத்துத் தடவை. பிறகு துண்டை ஜன்னல் கம்பியில் மாட்டி இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, சற்றுப் பின்னால் சாய்ந்து, முழங்கையை விலாவோடு ஒட்டி உடம்பை ஜன்னல் பக்கம் இழுங்கள். கம்பி உறுதியாக இருக்கிறதா என்று முதலில் அசைத்துப் பாருங்கள். இந்த இழுப்பு நம் பெண்கள் செய்கிற வேலைகளில் ரொம்பக் குறைவு. கூன் விழாமல் இருக்க இது உதவும் என்பதால் எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவதைப் பால் பொங்கும் வரை செய்யலாம். ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்பதையும் அங்கேயே பழகலாம்.

தும்மினால், இருமினால், கும்மி அடிக்கக் குதித்தால் சிறுநீர் கசிகிறது என்பதை நம் பெண்கள் அக்காவிடம்கூடச் சொல்வதில்லை. பல பேர் நடையையும் கும்மியையும் நிறுத்தியதற்குக் காரணமே இதுதான். இதற்குப் பயிற்சி இருக்கிறது. சிறுநீரையும் காற்றையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல் உள்தசையை மேலே இழுத்து, ஐந்து எண்ணும் வரை பிடித்து, ஐந்து எண்ணும் வரை முழுதாகத் தளர்த்துங்கள். பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. வயிறும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே செய்யலாம், யாருக்கும் தெரியாது. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். அடி இறங்கியிருப்பதுபோல் (கர்ப்பப்பை கீழே இறங்கியதுபோல்) உணர்கிறவர்கள், பாரம் தூக்கும் பயிற்சிக்கு முன் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

படி 5: கைவேலையைத் தேர்ந்தெடுப்பது

"எனக்கு ஒண்ணும் வராதுக்கா" என்று சொல்கிற பெண்ணுக்குக் கோலம் வரும். பதினைந்து புள்ளி, இடைப்புள்ளி எட்டில் நிறுத்தி, கம்பி விட்டுப் போகாமல் சிக்குக் கோலத்தை மூடுகிற மூளைக்கும் விரலுக்கும் எந்தக் கைவேலையும் வரும். ஆகையால் "எனக்கு என்ன தெரியும்" என்று கேட்காமல், "பன்னிரண்டு வயதில் எதைச் செய்யும்போது அம்மா கூப்பிட்டது காதில் விழாமல் இருந்தது" என்று யோசியுங்கள். அதிலிருந்து தொடங்குங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒயர் கூடை. செலவு குறைவு, தப்பாகப் போனால் அவிழ்த்துத் திரும்பப் போடலாம், பாதியில் விட்டு எழுந்தால் கெட்டுப் போகாது, கண்ணுக்கு நூல் வேலை அளவுக்குச் சிரமமில்லை. ஒயரை ஒரே அளவில் வெட்டி நடுவில் மடித்து, ரன்னிங் ஒயரை (வரிசை நெடுகக் குறுக்கே ஓடும் நீள ஒயர்) சேர்த்து முதல் வரிசை சாதா முடிச்சு போடும்போது எல்லாருக்கும் கோணலாகத்தான் வரும். அடி முடிந்து பக்கம் திரும்பும் இடத்தில்தான் கை பழகும். ஒவ்வொரு முடிச்சையும் ஒரே இறுக்கத்தில் இழுக்கக் கற்றுக்கொள்வதுதான் இதில் தொழில் ரகசியம். ஒன்று இறுகி ஒன்று தளர்ந்தால் கூடை ஒரு பக்கம் சாயும். ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் ஒயர் அறுக்கும், முதல் வாரம் பிளாஸ்டர் சுற்றிக்கொள்ளுங்கள். சாதா முடிச்சு கைவந்த பிறகு சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சுக்குப் போகலாம். விரல் மூட்டு வீங்கி வலிக்கிறவர்களுக்கு மட்டும் இது வேண்டாம்.

கொக்கி ஊசியால் போடுகிற ஆரி எம்பிராய்டரி வேலைக்கு இப்போது நல்ல மவுசு. தெருவுக்குத் தெரு வகுப்பு இருக்கிறது. சேருங்கள், ஆனால் தரையில் சம்மணம் போட்டு மூன்று மணி நேரம் உட்கார வைக்கிற வகுப்பில் சேராதீர்கள். ஸ்டாண்டை உயர்த்தி நாற்காலியில் உட்கார்ந்து செய்ய இடம் கொடுப்பார்களா என்று முதலிலேயே கேளுங்கள். நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்து வந்திருக்கும். கண் பரிசோதனை செய்து கிட்டத்தில் பார்க்கிற, படிக்கிற கண்ணாடி வாங்காமல் ஊசி வேலையில் இறங்கினால் தலைவலிதான் மிஞ்சும். "கை நடுங்குது, எனக்கு வராது" என்று விட்டுவிட்ட எத்தனையோ பேருக்குக் கண்ணாடி மட்டும்தான் தேவைப்பட்டது.

அரூர் பக்கம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே இருக்கிற சிட்லிங்கிப் பள்ளத்தாக்கைப் பற்றித் தெரியாதவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே லம்பாடிப் பெண்களின் எம்பிராய்டரி ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது. ஊரில் வயதான ஓரிருவருக்கு மட்டுமே அந்தத் தையல் தெரிந்திருந்தது. அவர்களிடமிருந்து மற்ற பெண்கள் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, இன்று போர்கை என்ற பெயரில் கைவினைஞர் சங்கமாக நிற்கிறார்கள். பாட்டியின் கைவேலையைப் பேத்தி கற்பது வழக்கம்தான். நடு வயதிலும் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம் என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். உங்கள் தெருவிலும் அப்படி ஒரு கிழவி இருப்பார். ஈச்சம்பாய் முடைகிறவரோ, கேட்டால் இரவு முழுக்கப் பாடக்கூடிய ஒப்பாரிக்காரரோ, பழைய புடவையில் மெத்தை தைக்கிறவரோ. அவரிடம் போய் உட்காருவதற்குப் பணம் வேண்டாம்.

தோட்டம், வாசிப்பு, எழுத்து, பாட்டு எல்லாமே இதில் அடக்கம். 2021 முதல் அரசின் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்தப் பஸ்ஸில் ஏறி மாவட்ட நூலகத்துக்குப் போய் வருவதும் உங்கள் ஒரு மணி நேரத்தில் சேரும்.

விற்பனை பற்றிக் கண்டிப்பாக ஒன்று சொல்கிறேன். முதல் கூடையைப் பார்த்ததும் யாராவது "எவ்வளவுக்குக் குடுப்பீங்க?" என்பார்கள். முதல் ஒரு வருடம் விற்காதீர்கள். ஆர்டர் என்று வந்துவிட்டால் அதுவும் யாரோ கேட்ட வேலையாகிவிடும். தேதி வரும், அவசரம் வரும், கழுத்து வலி வரும், முதலில் பலியாவது பயிற்சிதான். பணம் தேவைப்படுகிற வீட்டுக்கு நான் இப்படிச் சொல்ல மாட்டேன். தேவை இருக்கிறவர்கள் ஒரு கைவேலையை வருமானத்துக்கு வைத்துக்கொண்டு, விலை போடாத இன்னொன்றைத் தனக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: இரண்டையும் பின்னுவது

கைவேலை உட்கார வைக்கும், அதுதான் அதன் ஆபத்து. ஆகவே ஒரு விதி: இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து உட்காரக் கூடாது. செல்போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். அடித்ததும் ஊசியைக் குத்திவைத்துவிட்டு எழுந்து, நாற்காலிப் பயிற்சி பத்து, துண்டு இழுப்பு பத்து, தூரத்தில் இருக்கிற மரத்தையோ மலையையோ அரை நிமிடம் பாருங்கள். மறுபடி உட்காருங்கள். இரண்டு மணி நேரம் எம்பிராய்டரி போட்ட நாளில் நாலு சுற்று வலுப்பயிற்சி தானாக முடிந்திருக்கும். தனியாக உடற்பயிற்சி செய்யவே பிடிக்காதவர்களுக்கு இந்த ஒரு வழிதான் நிலைக்கிறது.

கோலம் போடும்போது இடுப்பிலிருந்து குனிந்து காலை நேராக வைத்துப் போடுவது, முதுகு நன்றாக இருப்பவர்களுக்குத் தொடையின் பின்பக்கத்துக்கு அருமையான நீட்டல். டிஸ்க் தொந்தரவு உள்ளவர்கள் மணையில் உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து போடுங்கள்.

படி 7: கும்மி

பாட்டும் உடற்பயிற்சியும் ஒன்றாகவே பிறந்த இடம் கும்மி. பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் மட்டும் என்று அதை ஒதுக்கி வைத்துவிட்டோம். குனிந்து தட்டி, நிமிர்ந்து தட்டி, பக்கவாட்டில் அடி வைத்து, வட்டத்தில் நகர்ந்து, நடுவே பாட்டும் பாடினால் இருபது நிமிடத்தில் புடவை நனைந்துவிடும். பக்கவாட்டு அடி இடுப்பின் வெளித்தசைக்கு நல்லது. நேராகவே நடக்கிற நடைப்பயிற்சியில் அது இவ்வளவு கிடைக்காது. அடியும் கையும் பாட்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டியிருப்பதால் மூளைக்கும் வேலை.

எங்கே கூடுவது? ஆள் சேர்க்க நம்மிடம் ஏற்கெனவே ஏற்பாடு இருக்கிறது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்களை 1989-ல் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு முதலில் தொடங்கியது தர்மபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல், ஆகவே அன்று இரண்டும் ஒன்றே. இருபத்தைந்து வயதில் குழுவில் சேர்ந்து கையெழுத்துப் போடக் கற்றவர்கள் இன்று அறுபதில் இருக்கிறார்கள். சேமிப்பும் கடனும் பேச வாராவாரம் கூடுகிற அதே இடத்தில், கணக்கு முடிந்ததும் அரை மணி நேரம் கும்மி வைத்தால் தனியாக அழைப்பே தேவையில்லை.

முதல் வாரம் எட்டுப் பேர் போதும். பாட்டுத் தெரிந்த ஒருவரை நடுவில் நிறுத்துங்கள். எடுத்தவுடன் குனிய வேண்டாம், ஐந்து நிமிடம் வட்டத்தில் நடந்து உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு நிமிர்ந்த நிலையில் தட்டு, அதன்பின் இடுப்பு வரை குனிந்து தட்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் குனியாமல் கையும் அடியும் மட்டும் போடட்டும். குதிப்பு வேண்டாம். தெலுங்கு, கன்னடம் பேசுகிற வீட்டுப் பெண்கள் நம் ஊரில் நிறையப் பேர். அவர்கள் பாட்டையும் அவர்கள் அடியையும் கொண்டுவரச் சொல்லுங்கள். வட்டத்துக்கு அவை புதிய நடை கொடுக்கும்.

படி 8: சாப்பாடு

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேழ்வரகு நம் ஊர் சொத்து. 100 கிராமில் 350 மில்லிகிராமை ஒட்டிக் கால்சியம் இருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் வேண்டும் என்று ஐ.சி.எம்.ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) – தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் சொல்லியிருக்கிறது. ஆகவே களி மட்டும் போதாது, தயிர், கீரை, எள் சேர வேண்டும். வலுப்பயிற்சி செய்கிறவருக்குப் புரதம் வேண்டும். களிக்குக் கீரைக் கடைசலோடு கொள்ளு, அவரை, மொச்சை, முட்டை, கருவாடு என்று ஏதாவது ஒன்று தினமும் தட்டில் இருக்கட்டும். எல்லாருக்கும் போட்டுவிட்டு, மிச்சத்தை நின்றபடி சாப்பிடுகிற பழக்கத்தை இந்த நோட்டு வாங்கிய நாளோடு விடுங்கள். சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் நடக்காதீர்கள்.

படி 9: அளந்து பார்ப்பதும் விட்டுப்போனால் திரும்புவதும்

மாதம் ஒருமுறை முப்பது விநாடியில் கையை ஊன்றாமல் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார முடிகிறது என்று நோட்டில் எழுதுங்கள். 60 முதல் 64 வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழே வந்தால் கால் வலு குறைவு என்று அர்த்தம். நாற்பதுகளில் இருப்பவர் அதைவிடக் கூடுதலாகவே செய்ய வேண்டும். எடையைப் பார்த்து மனம் உடைந்து போகாதீர்கள். முதல் இரண்டு மாதம் எடை இறங்காமல் இந்த எண் மட்டும் ஏறும், அது நல்ல செய்தி.

நடுவில் விட்டுப்போகத்தான் செய்யும். மாங்காய் சீசனில் கூழ்த் தொழிற்சாலை வேலை வரும். புழு நான்காவது தோலுரித்து எழுந்துவிட்டால் கூடு கட்டும் வரை இலை போடவே ராத்திரி பகல் பத்தாது. ஆடியில் விருந்தாளி, வீட்டில் கல்யாணம், சாவு. இதெல்லாம் தெரிந்த காலங்கள்தானே, முன்கூட்டியே நோட்டில் குறித்து, அந்த வாரங்களுக்கு "துண்டு இழுப்பு மட்டும், ஐந்து நிமிடம்" என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் முழுதாக விட்டுப் போயிருந்தால், விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் பாதியிலிருந்து தொடங்குங்கள்: அரை மணி நடந்தவர் கால் மணி, பத்துத் தடவை செய்தவர் ஐந்து. டெங்கு, சிக்குன்குனியா மாதிரிக் காய்ச்சல் வந்து மூட்டு வலி இருந்தால் வலி அடங்கும் வரை நடை வேண்டாம், விரலையும் கணுக்காலையும் அசைத்துக்கொண்டிருந்தால் போதும். வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்கள் மருத்துவர் சரி என்று சொல்லும் வரை குடம் தூக்கக் கூடாது, நாற்காலிப் பயிற்சியும் கூடாது. அந்த வாரங்களில் கூடைப் பின்னலும் பாட்டும் நடக்கட்டும். உடம்பு தேறியதும் பயிற்சியை அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.